அடிக்காத கேதம்

மேல்பிரிவில் மூன்று வருடத்துக்குள் பதினொரு பேர் செத்துப்போனார்கள். அதில் எட்டுப் பேர் இன்றைக்கும் விடிந்ததும் பேர் பதியும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். கூடையை முதுகில் மாட்டுகிறார்கள். கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவைத் தின்றுவிட்டான் என்று கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கிறார்கள்.

இது பேய்க்கதை இல்லை, லொறிக் கதை.

நெட்டக்கல் தோட்டத்துக்குக் கொழுந்து ஏற்ற ஒரே ஒரு லொறிதான். மேல்பிரிவு லயங்களிலிருந்து கீழே பூண்டுலோயா ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர் கல்லுப்பாதை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் சந்தி வரைக்கும் வருவார்கள். அதற்கு மேல் ஏறினால் வண்டியின் அடி கழன்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பாதை அப்படி. ஆகவே சீக்காளியைச் சந்தி வரைக்கும் கொண்டுபோக லொறி வேண்டும். லொறிக்கு டிஸ்பென்சரி ஐயா எழுதித் தரும் துண்டு வேண்டும். அவர் கிழமைக்கு இரண்டு நாள்தான் வருவார். துண்டில் தோட்டத்தை நடத்தும் தொர கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடத் தொர பங்களாவில் இருக்க வேண்டும். இருந்தாலும் கொழுந்து ஏறி முடிந்திருக்க வேண்டும்.

செத்தவர்களுக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று கண்ணாடி போட்டு ஆபிஸ் சுவரில் இன்னும் தொங்குகிறது. கேதம் விழுந்தால் கிளாக்கரே துண்டு எழுதி லொறியை விடலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. பெட்டியும் தோட்டத்துச் செலவு. செத்த உடம்பு லயத்தில் கிடந்தால் அன்றைக்கு ஒருத்தரும் மலைக்குப் போகமாட்டார்கள் என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. சீக்காளி கிடந்தால் போவார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

பதினொரு பேரில் முதலாவது அனோஜா. அவள் உண்மையாகச் செத்தவள். பிரியந்தினியின் அக்கா.

அனோஜாவுக்கு அப்போது ஏழாம் மாசம். காலை பத்து மணிக்கு உதிரம் போகத் தொடங்கியது. தாய் சுகிர்தம் ஆபிசுக்கு ஓடினாள். தொர கூட்டமொன்றுக்கு நானுஓயாவுக்குப் போயிருந்தார். "போன் எடுக்கிறேன், எடுக்கிறேன், நீங்க போங்க" என்றார் தம்பையா கிளாக்கர். சுகிர்தம் திரும்பி வந்தபோது அனோஜா தலையைச் சீவிப் பின்னல் போட்டு முடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு அழுக்காகப் போனால் நர்ஸ் மிஸ்மார் ஏசுவார்கள் என்பது அவள் பயம். பைக்குள் இரண்டு சீத்தைத் துணி, துவாய், எனாமல் கோப்பை, ஒரு தவணையும் தவறாத கிளினிக் கொப்பி. சுகிர்தம் சுடுதண்ணீர் கொதிக்க வைத்து நீலப் பிளாஸ்க்கில் ஊற்றி மூடினாள். அனோஜா வாசல் இஸ்தோப்பின் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, லொறி வரும் வளைவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லொறி இரண்டு தரம் மேல்ரோட்டில் கொழுந்தோடு போனது. அவள் கையைக்கூடக் காட்டினாளாம்.

இரண்டு மணி நாற்பது நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தாள். பிறகு சாய்ந்துவிட்டாள். கேதச் சேதி ஆபிசுக்குப் போன பத்தாவது நிமிஷத்தில் லொறி வந்தது. பாதிக் கொழுந்தை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு வந்தது.

பிரியந்தினி அப்போது பேராதனையில் கடைசி வருடச் சோதனை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் படிக்க வேண்டுமென்றுதான் அனோஜா சாதாரண தரச் சோதனையோடு புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். மறுநாள் விடியப் பிரியந்தினி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பை அதே படியில் இருந்தது. பிளாஸ்க்கைத் திறந்தாள். ஆவி வந்தது. மூடிவிட்டாள்.

ஆறு மாசம் கழித்து ஆறாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. அழகுமுத்துவுக்கு முகம் தெரியாத அளவுக்குக் கொட்டு. ஆபிசுக்கு ஓடியது சுகிர்தம்தான். தம்பையா கிளாக்கர் போனைத் தூக்கப்போனதைப் பார்த்ததும் அவள் வாய் தானாகச் சொல்லியது: "செத்துப்போச்சுங்கய்யா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு யார் சந்தேகப்படுவார்கள்? அந்த முகத்தில் ஆறு மாசமாகக் கேதம் இருந்தது. துண்டு எழுதியாயிற்று. டிரைவர் கஸ்பர் லொறியோடு வந்து பார்த்தால், பிணம் "தண்ணி, தண்ணி" என்கிறது. கஸ்பர் பின்கதவைத் திறந்தான். "ஏத்துங்க" என்றான். இதற்குள் கீழ்லயத்தில் சிவசாமி கேதத்துக்கு அடிக்கும் தப்பைக் காய்ச்சி அடிக்கவே ஆரம்பித்துவிட்டார். நாலு நாளில் அழகுமுத்து திரும்பி வந்து, "எனக்கு அடிச்ச கூலிய யாருகிட்ட வாங்குன?" என்று அவரிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து லொறிச் சத்தம் கேட்டால் சிவசாமி தப்பைக் கையில் எடுத்தபடி வாசலுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்பார். "இது அடிக்கிற கேதமா, அடிக்காத கேதமா?"

அடிக்காத கேதம் எட்டு நடந்தது. தம்பையா கிளாக்கருக்கு இரண்டாவதிலேயே விளங்கிவிட்டது. அவர் தலையை நிமிர்த்தாமல் துண்டை எழுதி நீட்டுவார். நிமிர்ந்தால் சொல்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டி வரும்.

செல்லசாமி மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்றார். அவர் மனைவிக்குப் பாரிசவாதம் அடித்தபோது, "உசிரோட இருக்கவள என் வாயால சாகடிக்க மாட்டேன்" என்று ஆபிஸ் வாசலில் நின்று லொறி கேட்டார். முறைப்படி கேட்டார். முறைப்படி காத்திருந்தார். அவள் அடிக்கிற கேதமாகப் போனாள். எண்பத்தொரு வயது அழகன் தாத்தா தூக்கத்திலேயே போனார். உண்மையாகச் செத்தவர்கள் இந்த மூன்று பேர்தான்.

எட்டில் ஒன்று சுகிர்தம். போன வருடம் மாசிப் பனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சரிந்தாள். ஓடியவள் பிரியந்தினி. பட்டதாரி, பிரதேச செயலகத்தில் உத்தியோகம், மூன்று வருடமாக அமைச்சுக்கும் ஆணைக்குழுவுக்கும் மாகாணத்துக்கும் மும்மொழியில் கடிதம் எழுதுகிறவள். 'தோட்ட டிஸ்பென்சரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டும். நாட்டில் மற்றவர்களுக்கு உள்ளது எங்களுக்கும் வேண்டும்.' அவள் ஆபிஸ் மேசைக்கு முன்னால் நின்று, "அம்மா செத்துட்டாங்க" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. லொறி போய், ஆஸ்பத்திரி போய், அம்மா பிழைத்து, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்ட பிறகும் அது நிற்கவில்லை. அது அம்மாவுக்கு அழுத அழுகை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வேறொன்று வந்தது.

கம்பெனி வருடா வருடம் தன் நலத்திட்டங்களைப் பற்றிப் பளபளப்பான புத்தகமொன்று போடும். அதில் ஒரு வரி: மேல்பிரிவில் மரணச் சடங்குகளுக்கு இலவச லொறிச் சேவை, மூன்று வருடத்தில் பதினொரு தடவை. கொழும்பில் யாரோ ஒரு டொக்டர் அதைப் படித்திருக்கிறார். எண்பத்தாறு குடும்பத்தில் பதினொரு சாவா என்று திடுக்கிட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒரு குழு வருகிறது, இறந்தவர்களின் பெயர், வயது, காரணம் தயாராக இருக்கட்டும், மொழிபெயர்ப்புக்குப் பிரியந்தினி மிஸ் உதவட்டும் என்று கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பையா கிளாக்கர் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். கிளாக்கர் லயத்துக்கு வருவது சின்ன விஷயம் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. கஸ்பர் முன்னமே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். சுகிர்தம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மூன்று நாளாக விடாத தூறல், பனிமூட்டத்தில் எதிர்மலை இல்லை.

"உக்காருங்கய்யா. ஸ்டூல் ஒரு கால் ஆடும், பாத்து" என்றாள் சுகிர்தம்.

"பரவாயில்ல, சுகிர்தம். நமக்கே இப்ப ரெண்டு காலும் ஆடுது." தம்பையா உட்கார்ந்து பிரியந்தினி பக்கம் திரும்பினார். "பதினொரு பேருக்கும் காரணம் எழுதச் சொல்லுறாங்க, தங்கச்சி. என்னத்த எழுதுறது?"

கஸ்பர் சிரித்தான். "அழகுமுத்து என்னத்துல செத்துச்சுன்னு எழுதுறது? வாய்க்கொழுப்புலயா?"

"சிரிக்காதப்பா. எனக்கு பென்சனுக்கு ரெண்டு வருசம் இருக்கு."

"நான் உள்ளதத்தான் சொல்லப்போறேன்" என்றாள் பிரியந்தினி.

ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"பிரியா, இங்க பாரு," கஸ்பர் சம்பல் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "எம் வேல போனா போகட்டும். ஹட்டன்ல வேன் ஓட்டிக்குவேன். ஆனா வாயத் தொறந்தீன்னா தொர அந்த சட்டத்த சொவத்துலருந்து கழட்டிருவாரு. அப்பறம் கேதமும் இல்ல, லொறியும் இல்ல. எட்டு உசிரு, புள்ள. வேற எதுனால பொழச்சிச்சு? நீ எழுதுன கடுதாசியாலயா?"

"நாம பதினொன்னுன்னே எழுதிட்டா, மாமா, எங்கக்கா பதினொன்னுல ஒண்ணாயிரும். சாகாத எட்டோட சேந்து அதுவும் பொய்யாயிரும். எத்தன மணிக்கு லொறி கேட்டாங்க, எத்தன மணிக்கு வந்துச்சு, எங்கயாவது எழுதியிருக்கா? ஏன் செத்துச்சுன்னு இந்த நாட்டுல ஒரு தாளுலயாவது இருக்கா?"

தம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

"பதினொன்னுன்னு இருந்தா டிஸ்பென்சரிய கவர்மென்டு எடுத்துரும்னு பேசிக்கிறாங்க" என்றார். "பத்துக்கு மேல போன எடத்துக்குத்தான் மொதல்லயாம். நீ கேட்டதும் அதத்தானே தங்கச்சி?"

அதுதான் அவளைக் குத்தியது. அவள் கேட்டதுதான். மூன்று வருடம் உண்மையை எழுதிக் கிடைக்காதது, பொய்யில் வாசல்வரை வந்து நிற்கிறது.

"அம்மா, நீங்க சொல்லுங்க."

சுகிர்தம் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "உங்கக்காவப் பத்தி நீ பேசு. வேணாம்னா சொல்லுறேன்? எனக்கும் ஆசதான், எவனாவது ஒருத்தன் அவ பேரக் கேக்கணும்னு. ஆனா நாளைக்கு ஒருத்திக்கு ரத்தம் போச்சுன்னா, நீ பேசுனத விரிச்சு அதுல படுக்க வச்சா தூக்கிட்டுப் போறது?"

"பொய் சொல்லித்தான் உசிரோட இருக்கணுமாம்மா?"

"இருக்கோம்ல" என்றாள் சுகிர்தம். "அய்யாவுக்கு அந்தத் தட்ட எடுத்துக் குடு. சூடு ஆறுது."

செவ்வாய்க்கிழமை கூட்டம் புள்ளக்காம்பராவில். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த நீள அறையில் தொட்டில் சேலைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு உட்கார வாங்கு போட்டிருந்தார்கள். டொக்டர் ஐம்பது வயதுப் பெண், சிங்களம் மட்டும். நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். படிக்கட்டில் சேறு கண்டு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தொர ஒரு பக்கம். எதிரே அறுபது எழுபது பேர், செத்த எட்டுப் பேரும் உட்பட. அழகுமுத்து முன்வரிசையில் வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரியந்தினி அதுவரைக்கும் ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை. டொக்டரின் உதவியாள் சுவரில் படங்களை ஒட்டினான். சோப்புப் போட்டுக் கை கழுவும் படம். தண்ணீரைக் கொதிக்க வைக்கும் படம். வெற்றிலைக்குச் சிவப்புக் கோடு போட்ட படம்.

"இத்தனை சாவுக்குப் பழக்கவழக்கம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறோம்" என்றார் டொக்டர். "டிஸ்பென்சரியைப் பற்றிப் பின்னால் பார்ப்போம். முதலில் ஆறு மாதம் வகுப்பு நடத்தலாம். கேளுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்களா?"

பிரியந்தினி சனத்தைப் பார்த்தாள். "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

"இந்தக் குளுருல பச்சத் தண்ணிய எவ குடிப்பா?" என்றாள் அழகுமுத்து. "அந்தம்மாவ ஒரு நா எங்க பீலியில குளிக்கச் சொல்லு."

சிரிப்பு. டொக்டரும் என்னவென்று தெரியாமல் சிரித்தார். பிறகு படிவத்தை எடுத்தார். "முதல் பெயர்?"

"அனோஜா."

"வயது?"

"இருபத்தேழு. ஏழு மாதக் கர்ப்பிணி."

"கர்ப்பிணியா. கிளினிக்குக்கு ஒழுங்காக வராதவரா?"

டொக்டர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி அச்சடித்திருந்தது. ஆனால் பிரியந்தினியின் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கிளினிக் கொப்பி. மழைக்கு நனையாமல் உறைபோட்டு வைத்த கொப்பி. கிளினிக் போனால் அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் விழும் என்று தெரிந்தும் அக்கா ஒரு தவணை விட்டதில்லை. இப்போது அவளுக்குக் கை கழுவப் படிப்பிக்கப் போகிறார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சுகிர்தம் தட்டில் தேத்தண்ணியோடு வந்து, டொக்டருக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்தாள்.

"டொக்டர்," பிரியந்தினி சிங்களத்தில் சொன்னாள், "உங்களுக்கு இந்தத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாரே, இவரும் அந்தப் பதினொரு பேரில் ஒருவர். என்னுடைய அம்மா. செத்துவிட்டார் என்று ஆபிசில் போய்ச் சொன்னது நான்."

தொரயின் நாற்காலி கிறீச்சென்றது. சிங்களம் விளங்கியவர்கள் விளங்காதவர்களுக்குச் சொல்ல, அறை முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. கஸ்பர் கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு அவள் நிறுத்தவில்லை. லொறி, டிஸ்பென்சரி ஐயாவின் துண்டு, சுவரில் தொங்கும் சட்டம், குளவி, சிவசாமியின் கேள்வி, எல்லாம். "உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி லொறி கேட்டது இரண்டு பேருக்கு. இரண்டு பேரும் இல்லை. செத்துவிட்டார் என்று சொல்லி லொறி எடுத்தது எட்டுப் பேருக்கு. எட்டுப் பேரும் இங்கே இருக்கிறார்கள். எங்களுக்குக் கை கழுவத் தெரியும், டொக்டர். எங்களுக்குத் தேவை, கேட்டவுடனே புறப்படும் ஒரு வண்டி. கிழமைக்கு ஏழு நாளும் திறந்திருக்கும் ஒரு டிஸ்பென்சரி. ஆம்புலன்ஸ் ஏறக்கூடிய ஒரு பாதை. இந்த மூன்றும் கீழே டவுனில் இருக்கிறவர்களுக்கு இருக்கிறது. அவர்கள் யாரும் அதற்காகத் தங்கள் அம்மாவைச் சாகடிக்கவில்லை."

டொக்டர் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"அப்படியென்றால் உண்மையில் மூன்று சாவுதான்."

"மூன்று. அதில் ஒருவருக்கு எண்பத்தொரு வயது."

"பத்துக்கு மேலிருந்தால் முதல் பட்டியல்." அவர் குரல் தணிந்தது. "மூன்று என்றால் நீங்கள் பட்டியலிலேயே வரமாட்டீர்கள், மகள்."

இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செத்திருக்க வேண்டும் என்று பிரியந்தினி நினைத்தாள்.

டொக்டர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு வெறும் தாள் ஒன்றை எடுத்தார். "உன் அக்காவுக்கு எத்தனை மணிக்கு லொறி கேட்டார்கள்? எத்தனை மணிக்கு வந்தது?"

அவள் சொன்னாள். டொக்டர் எழுதினார். மூன்று வருடத்தில் முதல்முறையாக அது ஒரு தாளில் ஏறியது. பிறகு டொக்டர் தொரயிடம் திரும்பினார். "அந்தச் சட்டத்தில் சுகயீனம் என்று ஒரு சொல்லைச் சேர்க்க யாருடைய கையெழுத்து வேண்டும்?"

"ஹெட் ஆபிஸ்" என்றார் தொர. அவர் முகம் சிவந்திருந்தது.

ஹெட் ஆபிசிலிருந்து பதில் வந்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று. அதற்கு முன்னால் தொரயின் உத்தரவு வந்துவிட்டது. இனிமேல் கேதத்துக்கும் டிஸ்பென்சரி ஐயாவின் துண்டும் தொரயின் கையெழுத்தும் வேண்டும். கஸ்பருக்கு ஒரு கிழமை வேலை இடைநிறுத்தம். தம்பையாவுக்கு எச்சரிக்கைக் கடிதம்.

லயத்தில் பாதிப்பேர் பிரியந்தினியோடு பேச்சை விட்டார்கள். பேசியவள் அழகுமுத்துதான். பேசாமல் இருந்திருக்கலாம். பீலியடியில் தண்ணீர் பிடித்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "படிச்ச புள்ள நம்மள உசிரோட கொண்டாந்துருச்சு" என்றாள், எல்லோருக்கும் கேட்க. "இனி நெசமாத்தான் சாகணும். பழக்கம் விட்டுப்போச்சே."

சுகிர்தம் மகளின் முகத்தைப் பார்க்காமலே ரொட்டித் தட்டை நீட்டுவாள். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. பிரியந்தினி வேலைவிட்டு வந்து படியில் உட்கார்ந்து வளைவைப் பார்ப்பாள். அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். "பேசிட்டேல்ல, வா, தல சீவி விடுறேன்" என்றிருப்பாள். கொழுந்துக்கறை காய்ந்து சொரசொரத்த அந்த விரல்கள் தலைமயிரில் மாட்டி இழுபடும். கேம்பசுக்குப் புறப்படுகிற காலையிலெல்லாம் அதற்காக அவளை ஏசியிருக்கிறாள்.

நாலாவது கிழமை, சனிக்கிழமை பகல் பதினொரு மணி. செல்லசாமி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மகள் ஜெயந்தினிக்கு எட்டாம் மாசம். புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். உதிரம்.

"நான் போயி என்னன்னு கேப்பேன், தங்கச்சி?" கையில் இருந்த தொப்பியைக் கசக்கினார். "இப்ப அந்தப் பொய்யுங்கூட இல்லையே."

பிரியந்தினி ஓடினாள். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஓடினாள். ஆபிசில் தம்பையா கிளாக்கர் தனியாக இருந்தார். தொர நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை. டிஸ்பென்சரி ஐயா வருவது திங்கள். வெளியே நிறுக்கும் கொட்டகையில் லொறி பாதிக் கொழுந்தோடு நின்றது.

"ஜெயந்தினி" என்றாள். மூச்சு வாங்கியது. "ரத்தம் போகுது."

தம்பையா வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார், அந்த வார்த்தைக்காக. அது வந்தால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அதற்குத்தான் பழகியிருந்தார்.

"உசிரோட இருக்கு, அய்யா" என்றாள் பிரியந்தினி.

அவர் நிமிர்ந்தார். அழகுமுத்துவின் கேதத்துக்குப் பிறகு லொறி கேட்டு வந்த யாருடைய முகத்தையும் அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"உங்கம்மா வந்தப்பவும் இந்தத் துண்டுப் புத்தகம் இங்கதான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "இதே மேச. இதே பேனா. போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரம். லொறி சத்தம் ரெண்டு தரம் கேட்டுச்சு எனக்கும்."

புத்தகத்தை இழுத்தார். அவசரத்தில் முதல் துண்டு கிழிந்தது. இரண்டாவதில் எழுதினார். காரணம் என்ற இடத்தில், சுகயீனம். தொர கையெழுத்துப் போடும் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். முழுப் பெயரும் எழுதினார்.

"அய்யா, பென்சன்…"

"திங்கக்கெழம தொர கேப்பாரு. கேக்கட்டும். ஓடு தங்கச்சி."

கொழுந்தை ரோட்டில் கொட்டினார்கள். இந்த முறை உயிரோடு இருப்பவளுக்காகக் கொட்டினார்கள். லொறிச் சத்தம் கேட்டுச் சிவசாமி தப்போடு வாசலுக்கு வந்தார். வாயைத் திறந்தவர், பின்னால் படங்குச் சாக்கின் மேல் அப்பா தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜெயந்தினியைப் பார்த்ததும், தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சுகிர்தம் குறுக்கே ஓடிவந்து லொறியை மறித்தாள். கையில் நீலப் பிளாஸ்க். மூன்று வருடமாக அலுமாரிக்கு மேலே துணி சுற்றிக் கிடந்தது அது. செல்லசாமியிடம் நீட்டினாள். "சுடுதண்ணி. வச்சுக்கங்க. வேணும்."

சந்திக்கு ஆம்புலன்ஸ் வரச் சொல்லியாயிற்று. வளைவில் லொறி மறையும் வரைக்கும் பிரியந்தினி அந்தப் படியில் நின்று பார்த்தாள். மறைந்த பிறகும் பார்த்தாள். பின்னல் போட்ட ஒருத்தி அதில் ஏறிப் போயிருக்க வேண்டிய இடம் அவள் கண்ணில் இருந்து போகவேயில்லை.

மறுநாள் மத்தியானம் செல்லசாமி முதல் பஸ்ஸில் வந்து, கல்லுப்பாதை முழுக்க நடந்து ஏறி, நேரே இவர்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகத்தில் தூக்கமில்லை.

"வெட்டித்தான் எடுத்தாங்க" என்றார். "பொம்பளப் புள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. ரெண்டும் உசிரோட இருக்கு." கடைசி மூன்று சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். சொல்லக் கிடைத்த சந்தோஷம் அதில் இருந்தது.

பிளாஸ்க்கைச் சுகிர்தத்திடம் கொடுத்தார். "சாயந்தரம் அந்தத் தண்ணியிலதான் எனக்குப் பால்மா கரைச்சுக் குடுத்தாங்க பக்கத்துக் கட்டில்காரங்க. மிச்சத்துல துணி நனச்சு ஜெயந்தினிக்கு மொகம் தொடச்சு விட்டேன். ராத்திரி கேட்டுச்சு, ஒரு மடக்கு குடுத்தோம். முடிஞ்சிருச்சு அக்கா."

சுகிர்தம் மூடியைத் திருகிப் பிளாஸ்க்கைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. மறுபடி குலுக்கிப் பார்த்தாள். பிறகு பிரியந்தினியிடம் நீட்டினாள், பார் என்பதுபோல. கூட்டத்துக்குப் பிறகு அவள் மகளின் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

பிரியந்தினி உள்ளே பார்த்தாள். ஆவி இல்லை. வெறும் பிளாஸ்க். திங்கட்கிழமை தம்பையாவுக்கு என்ன நடக்குமோ தெரியாது. பட்டியலில் நெட்டக்கல் இல்லை. இன்றிரவு அவள் இன்னொரு கடிதம் எழுத வேண்டும், நேற்றைய துண்டின் பிரதியோடு. எல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் மூன்று வருடமாக, காலியான ஒரு பிளாஸ்க்குக்காகத்தான் ஏங்கியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கொண்டா இங்க" என்றாள் சுகிர்தம். "கழுவி வைக்கணும். அடுத்தவளுக்கு வேணும்."